ஏரி வண்டல் கருப்பாக இருந்தால் போதுமா?

கேள்வி: "ஐயா, எங்களுக்கு ஒடுகத்தூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் செம்மண் நிலம். நிலக்கடலையும் கத்தரியும் போடுகிறோம். தண்ணீர் நிற்காத மண் என்பதால் இந்தக் கோடையில் வண்டல் அடிக்கலாம் என்று இருக்கிறோம். எங்கள் ஊர் ஏரி வண்டலில் மணல் கலந்திருக்கிறது. பாலாற்றுப் பக்கத்து ஏரி ஒன்றில் வண்டல் கருப்பாக, வெண்ணெய் மாதிரி இருக்கிறது. டிராக்டர் வாடகை கூடுதலானாலும் அதையே எடுக்கலாம் என்கிறார் மைத்துனர். தோல் தொழிற்சாலைத் தண்ணீர் ஒரு காலத்தில் அந்தப் பக்கம் வந்ததே என்று அப்பா தடுக்கிறார். கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதித்தார்கள், பரவாயில்லை என்று சொல்லிவிட்டார்கள். எந்த வண்டலை எடுப்பது?"

பதில்: இந்தக் குடும்பத்தில் அப்பா சொல்வதைக் கொஞ்சம் நின்று கேட்க வேண்டும். மைத்துனர் சொல்வது பொதுவாகப் பார்த்தால் சரிதான். நைசான கருப்பு வண்டலில் களியும் மட்கும் அதிகம். செம்மண்ணுக்கு அது நல்ல மருந்து. ஆனால் களியும் மட்கும் அதிகமுள்ள வண்டல்தான் விஷ உலோகத்தையும் அதிகமாகப் பிடித்து வைக்கும். கிணற்றுத் தண்ணீர் பரவாயில்லை என்பதை வைத்து வண்டலும் பரவாயில்லை என்று முடிவு செய்வது தவறான கணக்கு. இரண்டும் இரண்டு பரிசோதனை.

முதலில் ஊரின் அமைப்பைப் பார்க்கலாம். ஒடுகத்தூர் ஜவ்வாது மலையின் அடிவாரம். அங்கே ஓடுவது உத்திரகாவேரி. மலையில் பிறந்து, ஒடுகத்தூரைத் தொட்டு, கீழே இறங்கி, பள்ளிகொண்டா பக்கம் பாலாற்றோடு சேர்கிறது. பாலாறு வேறு வழியாக வருகிறது. கர்நாடகத்தில் தொடங்கி, ஆந்திரத்தைக் கடந்து, தமிழ்நாட்டில் நுழைந்தவுடன் வாணியம்பாடி, ஆம்பூர் என்று தோல் பதனிடும் ஊர்களை ஒட்டி வந்து, அதன் பிறகுதான் பள்ளிகொண்டாவை அடைகிறது. ஆக, ஒடுகத்தூரும் பள்ளிகொண்டாவும் ஒரே அணைக்கட்டு வட்டத்தில் இருந்தாலும், இரண்டு இடத்து வண்டலும் ஒரே தாய்க்குப் பிறந்தவை அல்ல. மலையடிவார ஏரியின் வண்டல், மலைப் பாறையும் காட்டு இலைச் சருகும் கரைந்து வந்தது. பாலாற்றுக் கால்வாயில் நீர் வாங்கிய ஏரியின் வண்டலில், மேலே இருக்கும் ஊர்கள் ஐம்பது ஆண்டுகளாக ஆற்றில் விட்டதில் ஒரு பங்கு இருக்கக்கூடும்.

"இருக்கக்கூடும்" என்றுதான் சொல்ல முடியும். குறிப்பிட்ட ஏரியின் மண்ணை எடுத்து அளந்து பார்க்காமல் அது கெட்டது என்று பெயர் வைப்பதும் சரியல்ல.

உப்பு ஓடிவிடும், குரோமியம் உட்கார்ந்துவிடும்

தோல் பதனிடும் கழிவுநீரில் விவசாயிக்குத் தெரிய வேண்டியவை முக்கியமாக இரண்டு. ஒன்று உப்பு. ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் கெடாமல் இருக்க உப்புப் போட்டு வைக்கிறார்கள். தொழிற்சாலையில் முதல் வேலையாக அதை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு முழுவதும் தண்ணீரில் இறங்குகிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் தென்னை காய்ந்ததற்கும், கிணறுகள் உவர்த்ததற்கும், நெல் வயல் வெள்ளை பூத்ததற்கும் பெரும் காரணம் இந்த உப்புதான்.

இரண்டாவது குரோமியம். முன்பு இந்தப் பகுதியில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் போட்டுத்தான் தோல் பதனிட்டார்கள். 1970-களில் ஏற்றுமதிக் கொள்கை மாறி, அரைகுறையாகப் பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்பக் கட்டுப்பாடு வந்த பிறகு, முழுமையாக முடித்த தோலுக்கு மாறினார்கள். குரோமிய உப்பு போட்டுப் பதனிடுவது அப்போதுதான் வேகமாகப் பரவியது. நாள் கணக்கில் ஆன வேலை மணிக்கணக்கில் முடிந்தது. தோல் உறிஞ்சியது போக மிஞ்சிய குரோமியம் கழிவுநீரோடு வெளியே வந்தது.

இந்த இரண்டின் குணமும் நேர் எதிர். உப்பு கரையும். தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே கூடவே போகும். கிணற்றில் இறங்கும்; நல்ல மழை பெய்தால் ஓரளவு கழுவியும் போகும். பதனிடப் பயன்படும் மூன்றாம் நிலைக் குரோமியம் அப்படியல்ல. சாதாரண மண்ணின் கார அமில நிலையில் அது தண்ணீரில் கரைந்து நிற்காது. களித்துகளிலும் மட்கிலும் ஒட்டிக்கொண்டு, துகள் எங்கே படிகிறதோ அங்கேயே உட்கார்ந்துவிடும். அதனால் ஓடும் தண்ணீரையும் கிணற்றுத் தண்ணீரையும் அளந்தால் உப்பு தெரியும், குரோமியம் தெரியாது. வெள்ளத்தில் கலங்கி வரும் சேற்றையும் ஏரியின் அடியில் படிந்த வண்டலையும் அளந்தால்தான் அது தெரியவரும். வாசகரின் கிணற்றுப் பரிசோதனை தவறு அல்ல. கேள்விக்கான விடை அதில் இல்லை, அவ்வளவுதான்.

ஆறாம் நிலைக் குரோமியம் என்று இன்னொரு வகை உண்டு. அது கரையும், நகரும், புற்றுநோய் உண்டாக்கும். ராணிப்பேட்டையில் குரோமேட் ரசாயனம் தயாரித்து 1990-களின் நடுவில் மூடப்பட்ட தொழிற்சாலை ஒன்று, ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவை வளாகத்திலேயே விட்டுச் சென்றது. அங்கிருந்து நிலத்தடி நீரில் அது எவ்வளவு தூரம், எவ்வளவு வேகமாக நகரும் என்று ஐதராபாத்தில் உள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்திருக்கிறது. அது பாலாற்றில் பள்ளிகொண்டாவுக்கு வெகு கீழே இருக்கும் இடம். ஒடுகத்தூர்க்காரர் அதை நினைத்துக் கவலைப்பட வேண்டியதில்லை.

வண்டல் ஒரு வரவு செலவுப் புத்தகம்

உலகத்தில் நன்றாக அறியப்பட்ட ஓர் உதாரணம் அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் உள்ள கிளார்க் ஃபோர்க் ஆறு. மேலே பியூட் என்ற ஊரில் பெரிய தாமிரச் சுரங்கம். கீழே நூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி மில்டவுன் என்ற இடத்தில் 1908-இல் ஓர் அணை கட்டினார்கள். அதே ஆண்டு பெருவெள்ளம் வந்தது. சுரங்கக் கழிவுச் சேறு அடித்துக்கொண்டு வந்து அணைக்குப் பின்னால் படிந்தது. யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 73 ஆண்டுகள் கழித்து, 1981-இல், அணைக்கு அருகில் இருந்த குடியிருப்பின் கிணற்றுத் தண்ணீரில் ஆர்சனிக் விஷம் இருப்பது தெரிந்தது. அந்தச் சேற்றிலிருந்துதான் அது இறங்கியிருந்தது. கடைசியில் அணையை 2008-இல் உடைத்து, சேற்றை அள்ளி அப்புறப்படுத்த வேண்டியதாயிற்று. தாத்தா காலத்து வெள்ளம் கொண்டுவந்த மண்ணுக்குப் பேரன் காலத்தில் விலை கொடுத்தார்கள்.

அந்த ஆற்றை அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 1985 முதல் தொடர்ந்து கவனித்து வருகிறது. அவர்கள் தண்ணீரை மட்டும் அளந்து நிறுத்திக்கொள்வதில்லை. ஒருவர் ஆற்றின் ஓட்டத்தையும் கலங்கலையும் அளக்கிறார். ஒருவர் ஆற்றடி வண்டலை எடுத்து உலோகம் பார்க்கிறார். இன்னொருவர் கற்களுக்கு அடியில் வாழும் நீர்ப்பூச்சிகளின் புழுக்களைப் பிடித்து, அவற்றின் உடம்பில் எவ்வளவு உலோகம் ஏறியிருக்கிறது என்று பார்க்கிறார். தண்ணீர், வண்டல், உயிர் என்ற மூன்று கணக்கையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால்தான் ஆறு தேறுகிறதா இல்லையா என்று சொல்ல முடியும். நீரியல், புவியியல், வேதியியல், உயிரியல் என்று பல துறைக்காரர்கள் ஒரே இடத்தில் நின்று பார்க்கும் வேலை இது.

நம்மிடம் ஆய்வாளர்கள் இல்லாமல் இல்லை. மத்திய நீர் ஆணையம் நாட்டின் ஆறுகளில் பல நிலையங்களில் வெள்ள நீரைப் பாட்டிலில் பிடித்து, வடிகட்டி, அதில் வரும் வண்டலைப் பருமணல், நடுத்தரம், நைஸ் என்று மூன்றாகப் பிரித்து எடை போடுகிறது. 0.2 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால் பரு, 0.075 மில்லிமீட்டருக்குக் கீழ் இருந்தால் நைஸ். மாநில நீர்வளத் துறையின் பூண்டி ஆராய்ச்சி நிறுவனம் அணைகளில் எவ்வளவு வண்டல் சேர்ந்து கொள்ளளவு எவ்வளவு குறைந்தது என்று ஆய்வு செய்கிறது. 1851-இல் தொடங்கிய இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை, தேசியப் புவிவேதியியல் வரைபடத் திட்டத்தில் சிற்றோடை வண்டலைச் சேகரிக்கிறது. இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் என்று கட்டம் கட்டி, கட்டத்துக்கு ஒரு கலவை மாதிரி எடுத்து, அதில் குரோமியம் உட்பட அறுபதுக்கும் மேற்பட்ட தனிமங்களை அளக்கிறார்கள். அந்த விவரங்களை 'பூகோஷ்' என்ற இணையத் தளத்தில் வைக்கிறார்கள். வீட்டில் கல்லூரி படிக்கும் பிள்ளைகள் இருந்தால் தேடிப் பார்க்கச் சொல்லலாம். இயற்கையாக ஒரு வட்டாரத்து மண்ணில் எவ்வளவு குரோமியம் உண்டு என்பதை அறிய அது உதவும்.

ஆனால் ஒரு குறை இருக்கிறது. வண்டல் எவ்வளவு சேர்ந்தது என்று ஒரு துறை பார்க்கிறது. தண்ணீர் எப்படி இருக்கிறது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பார்க்கிறது. மண்ணில் சத்து எவ்வளவு என்று வேளாண் துறை பார்க்கிறது. புவியியல் துறையின் கட்டம் ஓர் ஏரியைத் தனியாகக் காட்டும் அளவுக்குச் சிறியதல்ல. விவசாயி டிராக்டரில் ஏற்றப் போகும் அந்த ஒரு ஏரியின் வண்டலில் என்ன உலோகம் இருக்கிறது என்ற கேள்வி நாலு துறைக்கும் நடுவில் விழுந்து கிடக்கிறது. வண்டல் எடுக்க அனுமதி கொடுப்பது வருவாய்த் துறை. அந்த விண்ணப்பத்தில் குரோமியம் என்ற சொல்லுக்கே இடமில்லை.

இலவச வண்டல், எத்தனை கிலோ குரோமியம்?

2024 ஜூலை முதல் விவசாயிகள் வண்டல் எடுக்க மாவட்ட ஆட்சியர் வரை போக வேண்டியதில்லை. இ-சேவை வழியாக விண்ணப்பித்து, வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி பெறலாம். நஞ்சைக்கு ஏக்கருக்கு 75 கன மீட்டர், அதாவது 25 டிராக்டர் லோடு. புஞ்சைக்கு 90 கன மீட்டர், 30 லோடு. கட்டணம் கிடையாது. நல்ல திட்டம். ஏரியும் ஆழமாகும், நிலமும் தேறும்.

இப்போது ஒரு கணக்குப் போடலாம். 75 கன மீட்டர் காய்ந்த வண்டல் ஏறத்தாழ ஒரு லட்சம் கிலோ. அந்த வண்டலில் கிலோவுக்கு 100 மில்லி கிராம் குரோமியம் இருந்தால், ஓர் ஏக்கரில் இறங்கும் குரோமியம் 10 கிலோ. ஏக்கரில் அரை அடி உழவு மண் ஏறத்தாழ ஒன்பது லட்சம் கிலோ இருக்கும். அதோடு கலந்தால் கிலோவுக்கு 10 மில்லி கிராம் கூடும். இது பயப்படும் அளவு அல்ல. எந்த மண்ணிலும் இயற்கையாகவே கொஞ்சம் குரோமியம் உண்டு. பல இடங்களில் கிலோவுக்குப் பத்துக்கணக்கான மில்லி கிராம் இருக்கும்.

அதே வண்டலில் 1,000 மில்லி கிராம் இருந்தால்? ஏக்கருக்கு 100 கிலோ குரோமியம். உழவு மண்ணில் கிலோவுக்கு 100 மில்லி கிராம் கூடும். இரண்டு லோடையும் பக்கத்தில் பக்கத்தில் கொட்டி வைத்தால் கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. இரண்டும் கருப்பாகத்தான் இருக்கும். பத்து மடங்கு வித்தியாசம் ஆய்வகத்தில்தான் தெரியும்.

ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அளவு: உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி விற்பனைக்கு வரும் நகரக் கம்போஸ்ட்டில் குரோமியம் கிலோவுக்கு 50 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது. அது எருவுக்கு வைத்த வரம்பு, மண்ணுக்கு அல்ல. சில இடங்களில் சுத்தமான மண்ணே அதைத் தாண்டும். அதனால்தான் எண்ணைத் தனியாகப் பார்க்காமல், அதே வட்டாரத்தில் தொழிற்சாலைத் தண்ணீர் தொடாத ஏரியின் எண்ணோடு வைத்துப் பார்க்க வேண்டும். அணைக்கட்டு வட்டத்தில் அந்த ஒப்பீட்டு மாதிரிக்கு ஒடுகத்தூர் மலையடிவார ஏரிகளை விடப் பொருத்தமான இடம் வேறு தேட வேண்டியதில்லை. பாலாற்றுப் பக்க வண்டலில் அதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இருந்தால் அதை விட்டுவிடுவதே நல்லது.

ஒரு முறை போட்டால் நிலம் பாழாகிவிடும் என்று யாரும் அஞ்ச வேண்டாம். மூன்றாம் நிலைக் குரோமியத்தைப் பயிர் அதிகம் எடுப்பதில்லை. எடுத்ததில் பெரும் பகுதியும் வேரிலேயே நின்றுவிடும். காய்க்கும் கடலைக்கும் ஏறுவது குறைவு. ஆனால் கீரையும் கிழங்கும் மண் ஒட்டியே வீட்டுக்கு வருபவை. மாடு புல்லோடு மண்ணையும் தின்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, உப்பைப் போல இதைக் கழுவி வெளியேற்ற வழி இல்லை. உவர் நிலத்தை ஜிப்சம் போட்டு, நல்ல தண்ணீர் கட்டி, நாலு ஆண்டில் ஓரளவு மீட்கலாம். நிலத்தில் இறக்கிய குரோமியம் பிள்ளைகள் காலத்திலும் அங்கேயே இருக்கும். வண்டலைத் திரும்பத் திரும்ப அடிக்கும் நிலத்தில் அது சேர்ந்துகொண்டே போகும்.

இந்தப் பகுதியில் இது வெறும் புத்தகக் கவலை அல்ல. 1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் போனது. 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பில், தோல் தொழிற்சாலைப் பட்டையில் ஏறத்தாழ 35,000 எக்டர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பயிருக்கு உதவாமல் போனதாக, வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் எடுத்த கணக்கு குறிப்பிடப்பட்டது. அதன் பிறகு அமைந்த ஆணையம் 2001-இல் 29,193 பேருக்கு 26.82 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. தலைக்குக் கணக்குப் போட்டால் பத்தாயிரம் ரூபாய்கூட வராது. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் மறுபடியும் தலையிட்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்கவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் நிபுணர்களோடு குழு அமைத்துப் பாலாற்றைச் சீர்ப்படுத்தவும் உத்தரவிட்டது. நிலம் கெட்ட பிறகு நீதி கிடைக்க எத்தனை ஆண்டு ஆகும் என்பதற்கு இந்த வட்டாரமே சாட்சி. கெட்டுப்போகாத நிலம் வைத்திருக்கும் ஒடுகத்தூர்க்காரர் தன் டிராக்டரிலேயே அந்தத் தொல்லையை ஏற்றி வரக்கூடாது.

ஆழம் போகப் போக

ஏரி மண் அடுக்கடுக்காகப் படிகிறது. மேலே இருப்பது நேற்று வந்தது. கீழே போகப் போக முந்தைய காலம். ஆய்வாளர்கள் குழாயை இறக்கி மண்ணைத் தூணாக எடுத்து, அடுக்கடுக்காக வெட்டி, காலம் கணிக்கிறார்கள். மண்ணில் இயற்கையாக உள்ள ஒரு வகை ஈயம் 22 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அது எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்பதை வைத்து அடுக்கின் வயதைச் சொல்கிறார்கள். 1960-களின் தொடக்கத்தில் வல்லரசுகள் வானத்தில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளின் சீசியம் தூசு உலகம் முழுவதும் விழுந்தது. அந்தத் தூசு உச்சமாக இருக்கும் அடுக்கு 1963-ஐ ஒட்டியது என்று கொள்கிறார்கள். யாரோ எங்கோ போட்ட குண்டு நம் ஊர் ஏரிக்கு நாள்காட்டியாக இருக்கிறது.

பாலாற்றில் நீர் வாங்கும் ஓர் ஏரியைப் பற்றி இதை வைத்து யோசிக்கலாம். அடியில் ஆவாரம்பட்டைக் காலத்து மண். அதற்கு மேல், குரோமியப் பதனிடுதல் வந்து, சுத்திகரிப்பு நிலையங்கள் சரியாக வராத காலத்து மண். மேலே, பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்த பிறகு படிந்த மண். ஆகவே மேல்மண்ணை மட்டும் கையில் அள்ளிப் பரிசோதித்துவிட்டு, ஜே.சி.பி.யை வைத்து மூன்றடி தோண்டினால், பரிசோதித்தது ஒன்று, நிலத்தில் கொட்டியது வேறொன்று என்று ஆகிவிடும். நடு அடுக்குதான் மோசமானதாக இருக்க வாய்ப்பு அதிகம். 2021 நவம்பர் வெள்ளம் போல ஒரு பெருவெள்ளம் வந்தால் இந்த அடுக்குகளும் புரண்டுவிடும். ஓர் ஆண்டு முழுதும் ஆறு கொண்டுவரும் வண்டலில் பெரும் பங்கு வெள்ளம் போகும் சில நாளிலேயே வந்துவிடுகிறது. ஐந்து ஆண்டுக்கு முன் எடுத்த சோதனை அறிக்கையை இன்று யாராவது காட்டினால், வெள்ளத்துக்கு முன்பா பின்பா என்று கேட்க வேண்டும்.

என்ன செய்யலாம்

வேளாண் துறை மண் பரிசோதனை நிலையம் தரும் மண்வள அட்டையில் பன்னிரண்டு விவரம் இருக்கும்: தழை, மணி, சாம்பல், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான், அங்ககக் கரிமம், கார அமில நிலை, உப்பின் நிலை. குரோமியம் அதில் இல்லை. அட்டையில் எல்லாம் சரியாக இருக்கிறது என்பதால் வண்டல் சுத்தம் என்று ஆகாது. உப்பின் நிலையை மட்டும் அதிலேயே பார்த்துக்கொள்ளலாம். அது அதிகமாக இருந்தால் குரோமியம் பார்க்கும் செலவே வேண்டாம், அந்த வண்டலை அப்போதே விட்டுவிடலாம். உப்பின் நிலை குறைவாக இருந்தால்தான் அடுத்த படி.

குரோமியம் பார்க்கத் தனியாகக் கேட்டு அனுப்ப வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் கன உலோகம் அளக்கும் கருவிகள் உண்டு. மாதிரியை எப்படி அனுப்புவது, கட்டணம் எவ்வளவு என்பதை விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம். ஒருவருக்கு இந்தச் செலவு கூடுதலாகப் படும். ஒரே ஏரியில் வண்டல் எடுக்கப் போகும் பத்துப் பேர் பங்கு போட்டால் ஒரு டிராக்டர் வாடகைக்குள் அடங்கிவிடக்கூடும்.

மாதிரி எடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். நீர்வரத்துக் கால்வாய் ஏரியில் விழும் இடத்தில் மணல்தான் படியும். மணல் உலோகத்தைப் பிடிக்காது. அங்கே மட்டும் எடுத்தால் எந்த ஏரியும் சுத்தமாகத்தான் தெரியும். நைஸ் வண்டல் மதகுப் பக்கமும் கரையோரப் பள்ளத்திலும் இருக்கும். லோடு எடுக்கப் போகும் பரப்பில் எட்டுப் பத்து இடத்தில் குழி வெட்டி, மேல் அரை அடியைத் தனியாகவும், தோண்டப் போகும் ஆழம் வரை உள்ளதை அடிக்கு ஒன்றாகத் தனித்தனியாகவும் எடுக்க வேண்டும். மண்வெட்டி பட்ட பக்கத்தைச் சீவித் தள்ளிவிட்டு, உள்மண்ணை மரக் கரண்டியாலோ பிளாஸ்டிக் அள்ளுகருவியாலோ எடுக்க வேண்டும். எவர்சில்வர் கரண்டி வேண்டாம். எவர்சில்வரிலேயே குரோமியம் இருக்கிறது. நிழலில் உலர்த்தி, ஒரே ஆழத்து மண்ணை ஒன்றாகக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கை ஒதுக்கி, அரைக் கிலோவுக்குக் குறைத்து, புதுப் பிளாஸ்டிக் பையில் கட்ட வேண்டும். ஏரி, இடம், ஆழம், தேதி ஆகியவற்றைச் சீட்டில் எழுதிப் பைக்கு வெளியே கட்ட வேண்டும். இதோடு இன்னும் இரண்டு பை கட்டாயம்: ஒன்று சொந்த நிலத்து மண், ஒன்று உள்ளூர் மலையடிவார ஏரி மண். இவை இல்லாமல் வரும் அறிக்கையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் 'மொத்தக் குரோமியம்' என்று கேட்டால் போதும். அது அதிகமாக வந்தால் மட்டும் ஆறாம் நிலைக் குரோமியம் பார்க்கலாம்.

வாசகரின் கேள்விக்கு நேராக வந்தால்: மணல் கலந்திருந்தாலும் ஒடுகத்தூர் பக்கத்து உள்ளூர் ஏரி வண்டலே இப்போதைக்கு நல்லது. மதகுப் பக்கத்தில் எடுத்தால் அங்கேயும் நைஸ் மண் கிடைக்கும். மணல் மிகுந்த வண்டலாக இருந்தால் லோடைக் குறைத்து, மிச்சம் பிடித்த டிராக்டர் வாடகையில் தொழு உரம் வாங்கிப் போடலாம். ஒடுகத்தூர் வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வருகிறவர்களிடம் சொல்லி வைத்தால் ஆட்டு எருவும், கிடை போட ஆளும் கிடைக்கும். செம்மண்ணுக்கு வண்டலும் ஆட்டுக் கிடையும் சேர்ந்தால் கடலைக்கு வேறு என்ன வேண்டும்? கத்தரிக்கும் அப்படித்தான். பக்கத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிற காலத்தில், இந்த வட்டாரத்து மண் சுத்தமானது என்ற பெயர் காசு பெறும்.

விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் சங்கங்கள் ஒரு கோரிக்கை வைக்கலாம். பாலாற்றுக் கால்வாயில் நீர் வாங்கும் ஏரிகளை வண்டல் எடுக்கத் திறந்துவிடும் முன், ஏரிக்கு ஒரு முறை, ஆழவாரியாகக் குரோமியம் பார்த்து, அறிக்கையை ஊராட்சி அலுவலகத்தில் ஒட்ட வேண்டும். சுத்தம் என்று தெரிந்தால் அந்தப் பக்கத்து விவசாயிகளுக்கும் நிம்மதி. அவர்கள் வண்டலை வீண் சந்தேகத்தில் யாரும் ஒதுக்க மாட்டார்கள்.

கேள்வி: "மூன்று ஆண்டுக்கு முன்பே பாலாற்றுப் பக்கத்து வண்டலை அடித்துவிட்டோம். இப்போது என்ன செய்வது?" (ஆம்பூர் வட்டாரத்து வாசகர்)

பதில்: முதலில் உழவு மண்ணை மேலே சொன்ன முறையில் எடுத்துப் பார்க்க வேண்டும், பக்கத்தில் வண்டல் அடிக்காத நிலத்து மண்ணையும் சேர்த்து. அதிகம் இல்லை என்றால் வழக்கம் போலப் பயிர் செய்யலாம். அதிகமாக இருந்தால் கீரை, முள்ளங்கி, கிழங்கு, தீவனப்புல் தவிர்த்து, தென்னை, கரும்பு, பருத்தி போன்றவற்றுக்குப் போவது நல்லது. மண் புளிக்க விடக்கூடாது. அமில மண்ணில் குரோமியம் கரையத் தொடங்கும். தொழு உரமும் பசுந்தாளும் ஆண்டுதோறும் கொடுத்தால் மட்கு அதைப் பிடித்து வைக்கும். ஆறாம் நிலைக்கு மாறாமலும் தடுக்கும். அந்த நிலத்தில் மேலும் வண்டல் அடிக்க வேண்டாம்.

இன்னொன்று. அந்த ஏரி மண்ணைச் செங்கல் சூளைக்குக் கொடுக்கும் யோசனை இருந்தால் சோதிக்காமல் கொடுக்க வேண்டாம். தூங்கிக்கொண்டிருக்கும் மூன்றாம் நிலைக் குரோமியத்தைக் காற்றுப் படச் சூடாக்கினால், முக்கியமாகச் சுண்ணாம்பு கலந்த மண்ணில், அதில் ஒரு பகுதி ஆறாம் நிலையாக மாறும். டேனரி கசடை எரு என்று சொல்லி யாராவது இலவசமாக இறக்க வந்தால் வாங்கவே கூடாது. குரோமியம் கலந்த கசடு சட்டப்படி அபாயகரக் கழிவு. அதை விளைநிலத்தில் கொட்டுவது குற்றம். லாரி எண்ணைக் குறித்துக்கொண்டு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகைச் சீட்டை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.